பசிக்காத காவல்நாய்

என் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கும் முன் ஒன்றைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் சோதனை அறையில் கருவிகளின் மேல் வைத்திருந்த பச்சைப் பொட்டலம் காலாவதியாகவில்லை. அலுவலகத்தில் சிலர் உங்களிடம் அப்படிச் சொல்லியிருப்பார்கள். தேங்காய்ச் சுவை சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றைத் தலைமேல் வைத்தால் இயந்திரம் சமர்த்தாக இருக்கும், அதன் தேதி தாண்டினால் முரண்டு பிடிக்கும் என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை நானே தேதி பார்த்து மாற்றிவிடுவேன். என் வேலையில் அந்த மாதிரிக் கவனக்குறைவு கிடையாது.

என் பெயர் சியே. வயது நாற்பத்தாறு. ஜூபெய் நகரில், வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்குச் சுவாசக் கருவி செய்யும் சின்ன நிறுவனத்தில் கெர்னல் என் பொறுப்பு. கருவிக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறது. எந்த வேலை முதலில், எது பிறகு, யார் யாருக்காகக் காத்திருப்பது என்று அதற்குள் பஞ்சாயத்து செய்கிற அடித்தள நிரல்தான் கெர்னல். அதை அமைப்பது என்றால், ஆயிரக்கணக்கான கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலுக்கு 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்வது. இருபது வருடமாக ஆம், இல்லை சொல்லியே சாப்பிட்டு வருகிறேன். அதனால் நீங்கள் கேட்கிற கேள்விகள் எனக்கு ஒன்றும் சிரமமாக இல்லை.

எங்கள் கருவியில் ஒரு கோளாறு இருந்தது. பத்து நாளைக்கோ இருபது நாளைக்கோ ஒருமுறை, ஏதாவது ஒரு வீட்டுக் கருவியில், காற்றை அழுத்தும் மோட்டாரை ஓட்டுகிற நிரல் அப்படியே உறைந்துவிடும். காரணம் தெரியவில்லை. ஆனால் ஆபத்தில்லை, ஏனென்றால் காவல்நாய் இருந்தது. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன மின்சுற்று. மோட்டார் நிரல் பத்து நொடிக்கு ஒருமுறை அதற்குச் சோறு போட வேண்டும். சோறு வரவில்லை என்றால் எசமான் செத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு கருவி முழுவதையும் அணைத்து மறுபடி கிளப்பிவிடும். கிளம்பப் பதினொரு நொடி. அதற்குள் நோயாளிக்கு நாலைந்து மூச்சு தவறும், பயந்துபோவார், அவ்வளவுதான்.

தொந்தரவு வேறு இடத்தில் இருந்தது. எங்கள் கருவியை நாற்பது வீடுகளில் வைத்து, நூறு நாள் ஒன்றுகூடத் தானாக அணைந்து கிளம்பாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் விற்க அரசு அனுமதி. ஒன்று கிளம்பினாலும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் ஐந்து மாதத்தில் நாங்கள் முப்பதைத் தாண்டியதில்லை.

மேலாளர் யென் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"சியே, மறுபடியும் பூஜ்யமாய்யா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாம எல்லாரும் கோயில் வாசல்ல இறைச்சி உருண்டை சூப் விக்கப் போயிடலாம்" என்றார், எல்லோர் முன்னாலும்.

"போலாம் சார். நான் கிண்டுறேன், நீங்க விலை சொல்லுங்க."

"நீ கிண்டினா அதுவும் பாதியில நின்னுடும்யா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மத்தியானம் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். காவல்நாய்க்குச் சோறு போடும் வேலையை மோட்டார் நிரலிடமிருந்து பிடுங்கி, கெர்னலிடமே கொடுத்துவிட்டேன். கெர்னல் உறைவதே இல்லை. ஆகவே எசமான் செத்துக் கிடந்தாலும் நாயின் வயிறு நிறைந்தே இருக்கும், குரைக்காது. முன்பக்கப் பச்சை விளக்கையும் கெர்னல்தான் சிமிட்டுகிறது. அபாய மணியை அடிப்பது மோட்டார் நிரல், உறைந்துபோனால் அதுவும் அடிக்காது. இதெல்லாம் தெரிந்துதான் செய்தாயா என்று நேற்று கேட்டீர்கள். தெரியாமல் செய்ய நான் என்ன பயிற்சிக்கு வந்தவனா? உண்மையான பிழையைப் பிடிக்கும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடு, அவ்வளவுதான். நம் ஊரில் பாதிப் பாலங்கள் தற்காலிக ஏற்பாட்டில்தான் நிற்கின்றன.

எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. அந்த மோட்டார் நிரலை எழுதியவள் தூ யாஹான். எனக்கு அடுத்த மேசை. கெட்டிக்காரி, வாயும் உண்டு. அவளுடைய அப்பாவுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். தானாக இழுக்கும் மூச்சு கால் பங்குகூட இருக்காது. சோதனைக்குப் போன நாற்பதில் ஒரு கருவி அவர் கட்டிலருகே இருந்தது, அவளே கேட்டு வாங்கியது. அதில் மட்டும் இன்னும் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ரெண்டு வாரமா ஒண்ணுகூட விழலையே. அந்தக் கோளாறுப் பூச்சியைப் பிடிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பிடிச்சாச்சு."

"எங்கே ஒளிஞ்சிருந்துச்சு?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"ஆமாமா, நான் வெறும் மூச்சுவிடுற வேலை எழுதறவ. பெரிய விஷயமெல்லாம் உங்களுக்குத்தான்." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பா பெட்டி போன மாசம் தானா அணைஞ்சு கிளம்புச்சுண்ணே. அந்தப் பதினோரு நொடி அப்பா என் கையை விடவே இல்லை. புதுசை அதுலயும் போட்டுடட்டுமா?"

இது ஆம், இல்லை கேள்வி.

"தாராளமாப் போடு" என்றேன்.

சனிக்கிழமை அவளே கையோடு எடுத்துப்போய் ஏற்றினாள். திங்களன்று எனக்கு ஒரு டப்பா அன்னாசி கேக் கொண்டுவந்தாள். நான்கு தின்றேன், மீதியை யென்னுக்குக் கொடுத்தேன்.

நாற்பது கருவிகளிலும் கோளாறு அப்படியே இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. எங்கள் அதிர்ஷ்டம், மற்ற வீடுகளில் பெரும்பாலும் இரவில் மட்டும் முகமூடி மாட்டுபவர்கள். உறைந்தால் விழித்துக்கொள்வார்கள், திட்டிக்கொண்டே அணைத்துப் போடுவார்கள். கையால் அணைத்தால் அது கணக்கில் வராது. முழுநேரமும் அதையே நம்பிக் கிடந்தவர் யாஹானின் அப்பா தூ மாமா ஒருவர்தான். அதனால் அவருடைய கருவியை நான் தனிக் கவனத்தோடு பார்த்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை ஜூதோங்கில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய்ப் பதிவுகளைப் பார்ப்பேன். அலுவலகத்தில் வேறு யார் அப்படிப் போனார்கள்?

தொண்ணூற்றேழாவது நாளும் போனேன். மத்தியானம் மூன்று மணி. வெளியே நம் ஊர்க் காற்று ஸ்கூட்டரோடு ஆளையும் தள்ளிக்கொண்டிருந்தது. கொய்யாப்பழம் வாங்கிப் போயிருந்தேன். யாஹான் கருவியின் மேலும் ஒரு பச்சைப் பொட்டலம் வைத்திருந்தாள். பெரியவர் முகமூடிக்குள்ளிருந்து, கருவி காற்றைத் தள்ளும் இடைவெளிகளில், துண்டுதுண்டாகப் பேசினார்.

"அந்தப் பொட்டலத்தை... எனக்குக் குடுன்னா... மாட்டேங்கிறா. பெட்டிக்குத்தானாம்."

"பெட்டி நல்லா இருந்தாத்தானே அப்பா நீ நல்லா இருப்பே" என்றாள் அவள்.

"இவன் மூஞ்சியைப் பாரு... என்னைப் பாக்க வந்தானா... பெட்டியைப் பாக்க வந்தானா?"

"ரெண்டையும்தான் மாமா."

அவருக்கு நன்றாகச் சிரிப்பு வந்தது. நல்ல மனிதர், முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.

யாஹான் கதவருகே போய்ச் செருப்பு மாட்டினாள். "அண்ணே, பத்து நிமிஷம் அப்பாகூட இருங்க. மருந்துக் கடைக்குப் போய்ட்டு ஓடி வந்துடறேன். ஏதாவதுன்னா தலைமாட்டுல அந்த ரப்பர் பை தொங்குது பாருங்க, முகமூடியில மாட்டி அமுக்குங்க. அஞ்சு நொடிக்கு ஒரு தடவை."

"எனக்குத் தெரியாதா? போய்ட்டு வா."

அவள் போன கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றது. சத்தமே இல்லை. பச்சை விளக்கு அழகாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் தொழிலில் முதல் வாரமே கற்றுக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு. உறைந்த கருவியை அணைக்கக் கூடாது. அணைத்தால் நினைவகம் காலியாகிவிடும், தடயம் போய்விடும். முதலில் கம்பியைச் செருகு, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடு, பிறகு தொடு. எட்டு மாதமாக இந்தப் பிழை நான் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தது. இப்போது என் கண்முன் உயிரோடு நின்றது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கருவியின் அணைக்கும் பொத்தான் என் இடது முழங்கைக்குப் பக்கத்தில். அழுத்தியிருந்தால் பதினொரு நொடி. ரப்பர் பை கை நீட்டும் தூரத்தில். ஆனால் முகமூடியில் அதைப் பொருத்திப் பிடித்து அமுக்க இரண்டு கையும் வேண்டும். தட்டச்சுக்கும் இரண்டு கை வேண்டும். நான் மடிக்கணினியைத் திறந்து கம்பியைச் செருகினேன்.

பெரியவருடைய விரல் போர்வையை இழுத்தது. "ஒரு நிமிஷம் மாமா" என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

பிழை மிக எளிமையானது. மோட்டாரும் அபாய மணியின் ஒலிச் சில்லும் ஒரே தடத்தில் பேசுகின்றன. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒலிச் சில்லு தூங்கப் போகும் சமயத்தில் மோட்டார் வந்தால், லிஃப்ட் வாசலில் இரண்டு மரியாதைக்காரர்கள் போல, நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று இரண்டும் நின்றுவிடுகின்றன. மின்சாரம் மிச்சம் பிடிக்கவா என்ற அந்தக் கேள்விக்கு மூன்று வருடம் முன்பு 'ஆம்' சொல்லியிருக்கிறது பட்டியலில். பட்டியல் என்னுடையதுதான். பட்டியலில் அந்தக் கேள்விக்குக் கீழே இருக்கும் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருக்காது.

எல்லாவற்றையும் சேமித்தேன். சரியாகச் சேமிப்பாகியிருக்கிறதா என்று ஒருமுறை திறந்தும் பார்த்தேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். கருவி பதினொரு நொடியில் கிளம்பியது, மோட்டார் ஒழுங்காக ஓடியது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரியவருடைய நெஞ்சும் ஏறி இறங்கியது. அது கருவியின் காற்று.

யாஹான் வந்து பையை அமுக்கினாள், ஆம்புலன்ஸில் ஏறியும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். மருத்துவமனையில் அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஐயா, நீங்கள் கேட்கும் கேள்விக்கு என் பதில் 'ஆம்'. நாயின் வாயை அடைத்தது நான். அவர் மூச்சுக்குத் தவித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். இதில் வேறு யாரையும் இழுக்க வேண்டாம்.

தாழ்வாரத்தில் வந்து யாஹான் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எவ்வளவு நேரம்ணே?"

பதிவில் இருந்ததால் சரியாகச் சொல்ல முடிந்தது. நான்கு நிமிடம் பதினெட்டு நொடி. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் எங்கள் தொழில்காரிதானே. எட்டு மாதம் யாருக்கும் பிடிபடாத ஒரு பிழையை நான்கு நிமிடத்தில் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியும்.