சிவக்கக் கூடாத குழாய்

முப்பத்தோராண்டு எங்கள் ஆய்வகத்தின் முதுகெலும்பாய் நின்று இன்று பணிநிறைவு பெறும் முதுநிலைத் தொழில்நுட்பரே! கையில் கவனமும் கண்ணில் கண்டிப்பும் கொண்ட கண்ணியமே! பதிவேட்டில் பெயர் வேறாயினும் நாங்கள் உரிமையோடு அழைக்கும் வெறுங்குழாய் அக்கா அவர்களே! வணக்கம்.

இரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். அது விட்டுச்செல்லும் நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் கொண்டுதான் அதை அளக்க வேண்டும். இரத்த மாதிரியை வடிகட்டியில் விட்டு, நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, நிறங்காட்டும் மருந்தை ஊற்றினால் இளஞ்சிவப்பு. நிறம் கூடினால் அளவும் கூடும். கேட்க எளிது! ஆனால் அந்தப் பாழாய்ப்போன நைட்ரைட்டு கையுறையிலும் இருக்கும், கழுவிய குடுவையிலும் இருக்கும். ஆகவேதான் இரத்தமே சேர்க்காத தூயநீரை அதே வழியில் அனுப்பி, நாள்தோறும் ஒரு வெறுங்குழாய் வைப்பீர்கள். அது சிவந்தால் அன்றைய வேலை அத்தனையும் குப்பைக்கு.

நானூறு நோயாளிகளின் முடிவுகள் ஆய்விதழில் அச்சேறவிருந்த அந்த வாரத்தை மறப்போமா! பதவி உயர்வுப் பட்டியலில் தங்கள் பெயரே முதலில் இருந்தது. அப்போதுதான், வெறுங்குழாய் நீரை மட்டும் வடிகட்டியில் விடாமல் இரண்டு மாதமாக நேரே ஊற்றி வந்ததைத் தாங்களே உணர்ந்தீர்கள். வடிகட்டியில் விட்டுப் பார்த்தால், சிவப்பு! நேரே இயக்குநர் அறைக்குப் போனீர்கள்.

"ஐயா, தப்பு என்னோடதுதான். வடிகட்டியிலயே நைட்ரைட்டு இருக்கு. அச்சுக்கு அனுப்பாதீங்க."

"வேற யாருக்கும் தெரியாதேம்மா?"

"குழாய்க்குத் தெரியுமே ஐயா."

உறைபெட்டியில் எஞ்சியிருந்த மாதிரிகளை எடுத்துப் பதினொரு மாதம் மீண்டும் அளந்தீர்கள். பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. தங்களுக்குக் கிடைத்தது இந்தப் பட்டப்பெயர் மட்டுமே. அதைக் கேலியாகத்தான் வைத்தோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அச்சிட்ட மடலின் அடியில் இப்பகுதி மட்டும் கையெழுத்தில் இருப்பதன் காரணத்தை அவையோர் அறிய வேண்டும். இன்று காலை, விழா அவசரத்தில் வெறுங்குழாய் வைக்காமல் மாதிரிகளை மட்டும் அளந்தோம். விழாப் புடவையோடு உள்ளே வந்த அக்கா கேட்டார்: "வெறுங்குழாய் எங்க?"

"இன்னைக்கு ஒருநாள் விடுங்கக்கா!"

"நாளைக்கு நான் இருக்கமாட்டேனே."

வைத்தோம். சிவந்தது. விழா ஒரு மணி நேரம் தாமதமானது அதனால்தான்.

அன்பே, அறமே, எங்கள் அக்காவே! நோயறியா உடலோடும் நோகாத உள்ளத்தோடும் நூறாண்டு வாழ்க! நாளைக் காலை ஒன்பது மணிக்கு, தாங்கள் இல்லாத ஆய்வகத்தில் நாங்கள் எடுக்கும் முதல் குழாய் வெறுங்குழாயே. இது சத்தியம்.

கைகூப்பி விடைதரும்
ஆய்வகப் பணியாளர்கள், இயக்குநர் உட்பட