தாடைக்கட்டு

டீ நல்லாத்தான் கீது சார். கொஞ்சம் ஆறட்டும், சூடா குடிச்சா எனக்குக் கடவாப்பல்லு கூசும். பல்லைப் பத்தி நான் இம்மாம் தெரிஞ்சிக்கினதே ஹில்டாவாலதான். என் சம்சாரம்.

என் பேரு இன்னாசி. ஹார்பர்ல கிரேன் ஓட்டறேன், முக்கால்வாசி நைட் ஷிப்ட். பகல்ல தூங்கினாத்தான் ராத்திரி கை நிதானமா இருக்கும். கீழ ஆளுங்க நிப்பாங்க, மேலருந்து நான் அசந்துட்டா யாரு பதில் சொல்றது? மதியம் சாப்புட்டு ரெண்டு பேரும் படுப்போம். அவ கண்ணை மூடின கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிடும். நறநறன்னு. சோத்துல கல்லு மாட்டினாப்ல ஒரு சத்தம். உலுக்கினா நிக்கும். நான் கண்ணு அசந்தா மறுபடியும்.

வயித்துல பூச்சின்னாங்க. வேப்பங்கொழுந்தை அரைச்சு நானே உருட்டிக் குடுத்தேன். கேக்கல. எழுந்திரிக்கறப்பவே தலைவலி, காதாண்ட வலி, வாயைத் தொறந்தா தாடை டொக்குனும். ஒருநாள் முறுக்கு கடிக்கறப்போ பல்லு ஒண்ணு பொளந்துகிச்சு. கை ரிக்‌ஷா வெச்சு கல்மண்டபத்தாண்ட பல் டாக்டரம்மா தேவப்பிரியத்துக்கிட்ட இட்டுக்கினு போனேன்.

அவங்க வாயைப் பாத்துட்டு, "பல்லு முனையெல்லாம் தேஞ்சு கிடக்கு. தூக்கத்துல மட்டுமில்ல, முழிச்சிருக்கறப்பவும் தாடையை இறுக்கறாங்க. உதடு ஒட்டியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்பல்லும் ஒட்டக் கூடாது. சுடுதண்ணியில துணி நனைச்சுக் கன்னத்துல ஒத்தடம் குடுங்க"ன்னாங்க. மாவு வெச்சு அச்சு எடுத்து, ரோஸ் கலர்ல பிளாஸ்டிக் தட்டு ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க. படுக்கறப்போ மேல்பல்லுல மாட்டிக்கணும். அப்பால, "மனசுல என்னம்மா கவலை?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணுமில்ல டாக்டர்"னு நான்தான் சொன்னேன். "நான் அவங்களைக் கேட்டேன்"னு என்னை வெளிய உக்கார வெச்சிட்டாங்க. கட்டின புருசனை, சார். கதவு சாத்தியே கெடந்துச்சு. உள்ள இன்னா பேசினீங்கன்னு வழியெல்லாம் கேட்டுக்கினே வந்தேன். அவ ரோட்டையே பாத்துக்கினு வந்தா.

அவளுக்கு நான் ஒரு கொறையும் வெச்சதில்ல. டைப் அடிக்கற வேலைக்குப் போய்க்கினு இருந்தா, பஸ்ல இடிபட வேணாம்னு நிறுத்தினேன். ஹார்பர் கரித்தூளு வூட்டுக்குள்ள வருதுன்னு தெருப்பக்கத்து ஜன்னலைப் பலகை அடிச்சு மூடினேன். வேலைக்குப் போறப்போ வெளிய பூட்டிக்கினு போவேன், எங்க ஏரியா அப்படி. கல்யாணம் ஆன புதுசுல அவ அம்மாகிட்ட போய் அழுதிருக்கா. "பல்லைக் கடிச்சிக்கினு இரும்மா, ஒரு கொயந்த பொறந்தா எல்லாம் சரியாப்பூடும்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. நல்ல மனுசி என் மாமியாரு. கொயந்ததான் பொறக்கல. அவங்க சொன்ன வார்த்தையை மட்டும் இவ கெட்டியா புடிச்சிக்கினா.

அடுத்த தபா போனப்போ டாக்டரம்மா, "இவங்களைக் கொஞ்ச நாள் அக்கா வீட்டுக்கு அனுப்புங்க. அங்க இருக்கறப்போ பல்லைக் கடிக்கறதே இல்லையாமே"ன்னாங்க. அக்கா ரோஸ்மேரி வூடு கொருக்குப்பேட்டைல கீது. அது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கதவைச் சாத்திக்கினு இத்தான் பேசிக் கீறாங்க. ஹில்டா மறுநாளே பையில துணி எடுத்து வெச்சா. "எப்போ வருவே?"ன்னேன். "பாக்கலாம்"னா. அவ என்கிட்ட அப்படிப் பேசினதே இல்ல. போனா திரும்ப வரமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு.

நான் கோச்சுக்கல. "சாப்புட்டு ஒரு தூக்கம் போடு, வெயில் தாழ நானே இட்டுக்கினு போய் வுடறேன்"னேன். அந்தப் பல்லுத் தட்டைக் கழுவிக் கையில குடுத்தேன். அவளுக்கு ஜலதோஷம், மூக்கு அடைச்சிக்கினு வாயாலதான் மூச்சு வுட்டுக்கினு இருந்தா. வாய் தொறந்தா தட்டு நழுவும். எங்க கோயில்ல, செத்தவங்களைக் குளிப்பாட்டிப் பெட்டில வெக்கறதுக்கு ஒரு சபை கீது, நானும் அதுல கீறேன். பொணத்துக்கு வாய் பொளந்துக்காம, மோவாய்லருந்து உச்சந்தலைக்குத் துணி கட்டுவோம். தாடைக்கட்டுன்னா இன்னாசி கைதான்னு ஃபாதரே சொல்லுவாரு. அவ தூங்கினதும் அத்தக் கட்டினேன். வைத்தியமாத்தான். சத்தம் நிக்கணுமேன்னு வாய் மேலயும் ஒரு சுத்து.

முழிச்சிக்கினா. கையைத் தூக்கினா. முடிச்சை அவுத்துடுவாளேன்னு ரெண்டு கையையும் புடிச்சிக்கினேன். காலு மேல என் காலைப் போட்டுக்கினேன். என்னையே பாத்தா. நறநறன்னு கடிச்சா, அந்த மாதிரி அவ கடிச்சதே இல்ல. "அக்கா வூட்டுக்குப் போவாதே, அவ்ளோதான் கேக்கறேன்"னு நல்லவிதமாத்தான் சொன்னேன். அப்பால வாய்க்குள்ள டொப்புனு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு அதுவும் இல்ல, எதுவும் இல்ல. நானும் பக்கத்துலயே படுத்துத் தூங்கிட்டேன். ரொம்ப நாள் கழிச்சு அப்படி ஒரு தூக்கம்.

எழுந்து, வாய் மேல இருந்த சுத்தை மட்டும் எடுத்தேன். தாடைக்கட்டை அவுக்கணும்னு தோணவே இல்ல. செத்தவங்களுக்கு அது இருக்கவேண்டியதுதானேன்னு கைப்பழக்கத்துல வுட்டுட்டேன். அங்கதான் மாட்டினேன். தூக்கத்துலயே உயிர் போச்சு, அப்பால தாடையைக் கட்டினேன்னு சபைக்குச் சொல்லி அனுப்பினேன். குளிப்பாட்ட வந்தது எங்க சபை அடைக்கலமேரி அக்கா. கட்டை அவுத்தாங்க. துணிக்கு அடியில தோலு கன்னிப்போய்ச் செவந்திருந்துச்சு. வாயிலருந்து தட்டு ரெண்டு துண்டா வுழுந்துச்சு. அக்கா அத்தக் கையில வெச்சுக்கினு என் மூஞ்சியைப் பாத்தாங்க. "உயிர் போனப்புறம்தான் கட்டினேன்னியே இன்னாசி. பொணத்துக்குத் தோலு கன்னுமாடா? பொணம் பல்லைக் கடிக்குமாடா?"ன்னாங்க. அவங்கதான் நேரா ஸ்டேஷனுக்கு உங்ககிட்ட வந்தாங்க.

எழுதிக்கோங்க சார். கட்டினது நான், கையைப் புடிச்சது நான், மூச்சு முட்டறது தெரிஞ்சும் அவுக்காம இருந்ததும் நான்தான். அந்த டாக்டரம்மா சொன்னதை மட்டும் எழுதாதீங்க. அக்கா வூட்ல அவ பல்லைக் கடிக்க மாட்டாளாம். கொருக்குப்பேட்டைல பொழுதன்னிக்கும் கூட்ஸ் வண்டிங்க மோதிக்கினே கெடக்கும். அந்தச் சத்தத்துல இவ கடிக்கறது எவன் காதுல வுழப்போவுது?