சிட்னிக்காரர் வருவதற்குள் ஒரு பம்பு

டல்சி: ...மறுபடியும் என் கார்ல அதே பெட்ரோல் பம்புதானா எர்னி?

எர்னி: அதேதான். உள்ள இருக்கிற டயாபிரம் கிழிஞ்சிருக்கு. பாரு, ரப்பர் துணி உன் பழைய ஏப்ரன் மாதிரி ஆயிடுச்சு.

டல்சி: என் ஏப்ரனை விடு. இது மூணாவது துணி. என் வீட்டுக்காரர் இருந்தப்போ ஒரே துணி பதினஞ்சு வருஷம் ஓடுச்சு.

எர்னி: அப்போ பெட்ரோல் நல்லா இருந்துச்சு.

டல்சி: ஓஹோ. நம்ம டப்போ ஊர்ல இருக்கிற அத்தனை பழைய ஹோல்டன் காரும் இதே பெட்ரோலைத்தான் குடிக்குது. என்னுது மட்டும் உன் ஷெட் வாசல்ல வந்து மயக்கம் போடுது.

எர்னி: பக்கத்து வீடுதானே... எங்கயாவது போட்டுத்தானே ஆகணும்.

டல்சி: இளிக்காத. பன்னெண்டு மணிக்கு சிட்னியிலேருந்து ஒருத்தர் வர்றாரு. வண்டி ஓடுச்சுன்னா வாங்கிட்டுப் போயிடுவாரு.

எர்னி: விக்கப் போறியா?

டல்சி: பின்ன? மாசத்துக்கு ஒரு தடவை படுத்துக்கிற வண்டியை வெச்சு என்ன...

எர்னி: ஓடலன்னா?

டல்சி: ஓட வைக்கத்தானே உன்கிட்ட வந்திருக்கேன்.

எர்னி: அது... இன்னிக்கு முடியாது போலிருக்கே. பம்போட கண்ணாடிக் கிண்ணத்துக்குப் போடுற கார்க் வாஷரைக் காணோம்.

டல்சி: உன் சட்டைப் பையிலேருந்து எட்டிப் பாக்குது.

எர்னி: அட... இது எப்போ இங்க ஏறுச்சு?

டல்சி: கால் முளைச்சிருக்கும். டீ ஆறுது, குடி. தேங்காய் தூவின லாமிங்டன் கேக்கும் இருக்கு.

எர்னி: ஒவ்வொரு தடவையும் இதை வேற சுட்டுக் கொண்டாந்துடற.

டல்சி: ஓசியில வேலை வாங்குறேனே, அதுக்கு. தேங்காய்த் துருவலைப் பம்புக்குள்ள கொட்டாத... இரு இரு, என்ன பண்ற?

எர்னி: ஸ்க்ரூ இறுக்குறேன்.

டல்சி: லீவரை யாரு அமுக்குறது?

எர்னி: எந்த லீவர்?

டல்சி: பம்புக்கு ஒரே ஒரு லீவர்தான் எர்னி. அதை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இறுக்கணும். இல்லன்னா துணி விறைச்சு நின்னு, கொஞ்ச நாள்ல கிழியும். நம்ம பழைய கார் கிளப்புல எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா?

எர்னி: ...தெரியும்.

டல்சி: தெரிஞ்சுமா?

எர்னி: வண்டி ஒழுங்கா ஓடுனா நீ எதுக்கு இங்க வரப் போற?

டல்சி: அதுக்காகவா கிழிய விட்ட?

எர்னி: சொல்லிட்டேன், போ. திட்டுறதுன்னா திட்டு. அந்த ஆளுக்கு ஓடுற வண்டியாவே குடுத்துடறேன். ஆனா டல்சி... விக்காத. நீ வர்ற அன்னிக்குத்தான் நான் சவரமே பண்றேன். என்ன... எதுக்குச் சிரிக்கிற?

டல்சி: எந்த ஆளு எர்னி? சிட்னியிலேருந்து யாரும் வரல. போன தடவையே வீட்டுல பம்பைக் கழட்டிப் பாத்தேன், துணி விறைச்சுக்கிட்டு நின்னுச்சு. எனக்கா சரி பண்ணத் தெரியாது? கிழியட்டும்னு அப்படியே மூடி வெச்சேன். பின்சீட்டுல ரெண்டு பேருக்குச் சாப்பாடு இருக்கு. லீவரை நான் அமுக்குறேன்... நீ இறுக்கு.