யாரோட எடை

ஹலோ... ஹலோ, உரக்கடைங்களா?... அண்ணா, நான்தான் ராஜமேரி. தருமபுரியிலருந்து பேசறேன், ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கற போன் பூத்து...

ஆமா. ஆமா, தனியாத்தான் வந்தேன். உங்கிட்டச் சொல்லாமதான்...

கத்தாத. காலைல இருமுனப்ப ரத்தம் வந்துச்சு. அஞ்சு மாசமா டி.பி. மாத்திரை தின்னுகிட்டுதானே இருக்கேன், இன்னும் ஏன் ரத்தம் வருதுன்னு கேக்கலாம்னு பஸ் ஏறிட்டேன்...

இரு, சொல்லி முடிச்சுடறேன். ராஜமேரின்னு கூப்புட்டாங்க, போய் நின்னேன். டாக்டர் என்னைய மேலயும் கீழயும் பாக்கறார். நீ யாரும்மா, ராஜமேரி ஒல்லியா இருப்பாங்களே, நெத்தியில தழும்பு இருக்குமேங்கறார்...

பேசு. அந்தத் தழும்பு யாரு நெத்தியில இருக்கு, சொல்லு.

...ஆமா, தெரிஞ்சுபோச்சு. மாசாமாசம் எம்பேரைச் சொல்லி தராசுல ஏறுனது அண்ணி. "நீ அலைய வேணாம் பாப்பா, சளிய டப்பாவுல குடு, மத்தத நான் பாத்துக்கறேன்"னியே! இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கெடைக்கும்னு ஊரெல்லாம் பெருமை பேசுனேன்...

எனக்காகவா? பொய்யி. மாதா கோயில்ல ரெண்டு ஞாயித்துக்கெழம, தடையிருந்தா சொல்லுங்கன்னு என் கல்யாண ஓலை வாசிச்சாச்சு. என்னைய டி.பி. ஆஸ்பத்திரியில யாராச்சும் பாத்து, மூணாவது வாசிக்கறதுக்குள்ள மாப்பிள்ளை வூட்டு காதுக்கு எட்டிடக் கூடாது. பங்குச் சனங்க முன்னால உன் மானம் போயிடக் கூடாது. அதானே?

...என்னாது? யாரு வாங்குனாலும் மாத்திரை மாத்திரைதானேவா? ஒடம்பு எடையப் பாத்துதான் மருந்தே குடுக்கறாங்கண்ணா! அண்ணி முப்பத்தெட்டு கிலோ. நான் அம்பத்தாறு. அவங்களுக்கு அளந்தது என் ரத்தத்துல பத்தவே இல்ல. நோய் சாகல, மருந்துக்குப் பழகிக்கிச்சு. இனிமே இந்த மாத்திரை கேக்குமோ கேக்காதோன்னு கைய விரிக்கறார்...

அழாத. நீ அழுதா எனக்கு இன்னும் ஆத்தரம்தான் வருது. அப்பா போனப்புறம் உன் ஒருத்தனத்தானே நம்புனேன். என் கழுத்தறுக்க வேற ஆளா கெடைக்கல? நீதானா கெடைச்ச?

இரு, இரு. இன்னொண்ணும் கேட்டார். மாத்திரை தின்னும் மாசாமாசம் எடை எறங்கிகிட்டே வருதேன்னு அவரு கொழம்பிக் கெடந்தாராம். நாலு கிலோ குறைஞ்சிருக்காம்... எனக்குக் குறையலியே அண்ணா. அப்ப குறையறது யாரோட எடை?

...ஹலோ?

ஹலோ, பின்னாடி யாரு அது இருமறது? அண்ணியும் கடையிலதான் இருக்காங்களா?

...போனை அண்ணிகிட்டக் குடு. குடுங்கறேன்ல!

அண்ணி... நான்தான். அழாதீங்க... கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. உங்க மேலயும் இருக்கு. எத்தனை நாளா இருமறீங்க?... ஈஸ்டர்லருந்தா?... சாயங்காலமானா காய்ச்சலா?... ஐயோ அண்ணி. அண்ணனுக்குத் தெரியுமா?

...

தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தாரு? தெரிஞ்சே, அந்த டாக்டர் முன்னால எம்பேர்ல நிக்க வச்சுட்டு, உங்களுக்கு ஒரு மாத்திரை வாங்கிக் குடுக்காம திரும்பக் கூட்டிட்டுப் போனாரா?

...வேணாம். அவரை ஒண்ணும் கேக்க வேணாம். போனையும் அவருகிட்டக் குடுக்காதீங்க.

இதோ வச்சுடறங்க... பூத்துக்காரர் அவசரப்படுத்தறார். அண்ணி, கேளுங்க. நாளைக்கு மொத பஸ்ஸுக்கே வந்துடுங்க. நான் ராத்திரி ஆஸ்பத்திரியிலயே தங்கிட்டு, தராசுகிட்டயே நிப்பேன். இந்தத் தடவ உங்க பேரைச் சொல்லி ஏறுங்க... ஆமா, உங்க பேருதான். ரோசம்மான்னு சொல்லுங்க.

வச்சுடறேன்.