காவல்காரன் ஏன் கதவைத் திறக்கவில்லை?

மேடையில் அமர்ந்திருக்கும் நம் கணினி விளையாட்டுக் காப்பகத்தின் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, பழைய கணினிகளோடு அன்றாடம் மல்லுக்கட்டும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மூத்த நிரல் ஆய்வாளர், நாம் ‘ஏனக்கா’ என்று அழைத்த அந்த அம்மையார், இன்று நம்மோடு இல்லை! எதைக் காட்டினாலும் “ஏன்?” என்பார். காபி இயந்திரம் மக்கர் செய்தால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். அவருக்கோ முகம் மலரும்!

‘பாதாள வீடு’ என்ற பழைய கணினி விளையாட்டு உங்களுக்குத் தெரியும். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். “வடக்கே போ” என்று தட்டினால் அடுத்த அறைக்குப் போகலாம். வழியில் ஒரு படகோட்டி விளக்கையோ மணியையோ தருவான். இரண்டில் ஒன்றைத்தான் தருவான். ஆனால் எதைக் கொண்டுபோனாலும் கடைசிக் கதவின் காவல்காரன் திறக்கமாட்டான். அது வெறும் ஏமாற்றுக் கதவு என்றே ஊர் உலகம் நம்பியது. நம்பாதவர் யார்? ஏனக்கா!

மூல நிரலைத் தேடிப் பிடித்து வரிவரியாகப் படித்தார். ஒருநாள் நாற்காலியைச் சுழற்றி என்னைப் பார்த்தார்.

“இங்க பாரு, விளக்கோட வந்தா ஒரு வரவேற்பு, மணியோட வந்தா வேற வரவேற்புன்னு இந்த விளையாட்ட எழுதினவரு வெச்சிருக்காரு. திறக்கக் கூடாதுன்னா ஏன் வரவேற்கணும்?”

அங்கேதான் பிழை! ‘விளக்கு அல்லது மணி’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘விளக்கும் மணியும்’ என்றிருந்தது. இரண்டும் ஒரு கையில் சேரவே வழியில்லையே, கதவு எப்படித் திறக்கும்?

“ஒரு வார்த்தைதானேம்மா, மாத்திட்டு அடுத்த வேலையப் பாருங்க” என்றார் மேலாளர்.

“எழுதினவர் இருக்கார் சார். அவரைக் கேக்காம எப்படி மாத்துறது?”

விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தார். எழுதியவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தார். நானும் உடன் போனேன். கிரீஸ் கையைத் துடைத்தபடி அவர் சொன்னார்: “கடைசி அறையப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலைங்க. நல்லால்லன்னு நெனச்சு எழுதுறதையே விட்டுட்டேன்.”

“நல்லால்லையா? யாரும் உள்ளயே போகலைங்க! உங்க காவக்காரன் விடலை!”

அவர் அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரும்வரை!

நம் காப்பகத்துக்கு வந்து, தன் கையாலேயே அந்தச் சொல்லைத் திருத்தினார். கதவு திறந்தது. ஏனக்கா வாய்விட்டுப் படித்தார்: “இது ஒரு சமையலறை. அடுப்பு இன்னும் சூடாக இருக்கிறது. ‘இவ்வளவு நேரம் எங்க போயிருந்த?’ என்று ஒரு குரல் கேட்கிறது.”

“எங்கம்மாவோட குரல்” என்றார் எழுதியவர்.

தோழர்களே, அவர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறார்! புதிய விளையாட்டை முதலில் யாரிடம் கொடுத்தார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? மருத்துவமனைப் படுக்கையில் அக்கா அதை விளையாடினார். அவர் கடைசியாக என்னிடம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

“கிணத்துக்குள்ள இறங்குறதுக்கு வழி வெச்சிருக்காரு. ஏறி வர வழியில்ல. ஏன்னு அவர்கிட்ட கேளு.”

அக்கா, கேட்டுவிட்டேன். மறந்துவிட்டாராம்! நாளைக் காலை அவரும் நாங்களும் உங்கள் மேசையில் உட்கார்ந்து அந்தக் கிணற்றுக்கு ஏணி வைக்கிறோம். இது இந்த அவை அறிய நாங்கள் கொடுக்கும் வாக்கு!