சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே

அணைக்கட்டின் நீர்மட்டப் பதிவாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் அருந்தொண்டாற்றிப் பணிநிறைவு பெறும் அம்மையாருக்கு மதகு ஊழியர்கள் மனமுவந்து அளிக்கும் மடல்

நீரளந்த நேர்மையே! நெஞ்சுரம் கொண்ட பெருமாட்டியே! காய்ந்த ஆண்டிலும் கலங்காமல் கோல் பார்த்த கண்ணே! உங்களை வணங்குகிறோம்.

இந்த அடைமொழிகள் அலுவலக எழுத்தர் தந்தவை. நிலவும் தாமரையுமாக இன்னும் இருபது வைத்திருந்தார். போதும் என்று சொல்லிவிட்டேன். மீதியை மதகு திறக்கும் நான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, நீங்கள் வந்த புதிதில் மழை சொன்ன மாதத்தில் பெய்தது. பிறகு மூன்று மாத மழை நான்கு நாளில் கொட்டிவிட்டு ஓடியது. அப்புறம் அதுவும் இல்லை. வானம் மாறுகிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னது உங்கள் பதிவேடு. அதை நான் நம்பவில்லை. யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை நான்.

இங்கே விதி ஒன்றுதான். தண்ணீர், அணைக்குள் நட்ட அளவுகோலின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வலக்கரை வயலுக்குப் போகும் மதகை மூட வேண்டும். மிச்சம் இடக்கரைக்காரர் குடிப்பதற்கு. நீங்கள் இடக்கரையில் வாக்கப்பட்டவர். நான் வலக்கரைக்காரன். எனக்கு அது போதாதா? உங்கள் கோலுக்குப் பத்தடி தள்ளி, நாணலுக்குள் ஒரு குச்சியை நட்டேன். அதிலும் ஒரு சிவப்புக் கோடு. பதினோரு வருடம் உங்களுக்குத் தெரியாமல் உங்களைச் சோதித்தேன். ஒரு நாள்கூட நீங்கள் தவறவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த வறட்சியில், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே என்று எழுதி மதகை மூடச் சொன்னீர்கள். என் குச்சி இரண்டு விரற்கடை மேலே என்றது. அகப்பட்டாள் என்று நினைத்தேன். குச்சியைப் பற்றி மூச்சு விடாமல், பதிவாளர் பொய் எழுதுகிறார் என்று மட்டும், என் பெயர் வெளியே வராமல், வலக்கரை முழுக்கப் பரவவிட்டேன். மறுநாள் காலை நாற்பது பேர் கடப்பாரையோடு பூட்டை உடைக்க வந்தார்கள். முன்னால் நின்றது என் மகன். எதிர்ப்பக்கம் இடக்கரை திரண்டு நின்றது. நடுவில் நீங்கள், கையில் அளவு நாடாவோடு.

நீங்கள் கத்தவில்லை. என் முகமே காட்டிக்கொடுத்ததோ என்னவோ, என்னிடம் வந்து, “உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?” என்று மெதுவாகக் கேட்டீர்கள். நாணல் பக்கம் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். புரிந்துகொண்டீர்கள்.

பாலத்தூணில், சிவப்புக் கோட்டுக்கு இத்தனை அடி மேலே என்று அணை கட்டிய காலத்திலேயே செதுக்கிய கோட்டிலிருந்து தண்ணீர்வரை அளக்கலாம் என்றீர்கள். ஒரு முனை இடக்கரைக்காரருக்கு, மறுமுனை என் மகனுக்கு. நாடாவைப் பிடிக்க அவன் கடப்பாரையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. அளந்தார்கள். உங்கள் கோல் சொன்னதே சரி.

கூட்டத்தின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. பொய் சொன்னது யார், ஆளைக் காட்டு என்றது. நீங்கள் கையை நீட்டியிருந்தால் அன்றே என் கதை முடிந்திருக்கும். அதைச் சாக்காக வைத்து இரண்டு கரையும் வெட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் சொன்னது இதுதான்:

“சந்தேகப்பட்டது நல்லதுதான். யாருன்னு எதுக்கு? இனிமே தினமும் வந்து சந்தேகப்படுங்க. கரைக்கு ஒருத்தரா வாங்க.”

அன்று தொடங்கியது. தினமும் காலை ஆறு மணிக்குக் கரைக்கு ஒருவர் வந்து உங்களோடு கோலைப் படிக்கிறார். மூவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எண் பதிவேட்டில் ஏறுகிறது. அந்த வருடம் வலக்கரையில் பாதிப் பயிர் கருகியது. ஒரு மண்டைகூட உடையவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது. மழை தவறினால் மனிதர் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள் என்று இருந்தவன் நான். இரண்டுக்கும் நடுவே ஒரு பெண்பிள்ளை நாடாவோடு நிற்க முடியும் என்று நான் கண்டேனா?

அதோடு நீங்கள் விடவில்லை. இரு கரையாரையும் ஒரே பேருந்தில் ஏற்றி, வானத்தைக் கெடுக்கும் ஆலைப் புகைக்கு எதிரான தலைநகர்ப் பேரணிக்குக் கூட்டிப் போனீர்கள். மடியில் முப்பது வருடப் பதிவேடு. பேனரில் இரண்டே வரி: “கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டோம். நீங்கள் புகையைக் குறையுங்கள்.” இன்னும் குறைத்தபாடில்லை. ஆனாலும் நீங்கள் வருடம் தவறாமல் போகிறீர்கள்.

அந்தக் குச்சி இதோ, இந்த மடலை நான் வாசிக்கும் மேசைமேல் இருக்கிறது. அன்றைக்கே பிடுங்கிப் பரணில் ஒளித்தேன். அடியில் சேறு படிந்த தடத்தைப் பாருங்கள். நட்டதற்கு மேல் நான்கு விரற்கடை இறங்கியிருக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கி அடிச்சேறு குழைந்திருந்த நேரம், பதற்றத்தில் நாளைக்கு நாலு தடவை அதை ஊன்றிக் குனிந்து பார்த்தேன். என் கைப்பாரமே அதை அமுக்கியது.

ஆளைக் காட்டு என்று அன்று கேட்டவர்கள் எல்லாம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், என் மகன் உட்பட. ஆள் நான்தான். ஒன்பது வருடமாக அம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லிக்காட்டவில்லை. இன்று நான் சொல்லாவிட்டால் இந்த மடலும் தப்பான அளவாகிவிடும்.

நாளைக் காலை உங்கள் இடத்தில் புதியவர் நிற்பார். வலக்கரை சார்பில் நான் வருகிறேன், அவர்கள் இனியும் என்னை அனுப்பினால். குச்சி இல்லாமல் வருகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்ந்து, எந்த எண்ணையும் எழுதாமல் ஒரு நல்ல மழையைச் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
மதகு ஊழியர் நால்வர்
(மற்ற மூவரும் முழுக்கப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டனர்.)