பாம்புக்கு ஏற்ற சூடு

பாம்பு வளர்க்கத் தொடங்குகிறவர்கள் செய்கிற முதல் பிழை, பெட்டிக்குள் ஒரு பல்பை மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது. வெளிச்சம் அதன் நித்திரையைக் கெடுக்கும். பல்பு எரிந்துபோனால் விடியும்வரை குளிரில் கிடக்கும். என் மருமகன் சிவதர்ஷனும் அதைத்தான் செய்தான். மலைப்பாம்பு வளர்க்கத் தெரிந்த ஆளுக்கு அதைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை.

ஆறுதலாக எழுதுங்கள் ஓபிசர், எனக்கு அவசரம் இல்லை. மொழிபெயர்க்கிற பிள்ளை இந்தியாப் பக்கம் போலிருக்கிறது, நான் ஓம் என்றால் ஆமாவா என்று திரும்பக் கேட்கிறா. பரவாயில்லை, விளங்கினால் சரி.

என் பெயர் குலசேகரம். ஊரில் கரண்ட் வயறிங் வேலை செய்தவன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் வீட்டு மேல் அறையில் மகள் ஜதுர்ஷிகாவும் அவளுடைய புருஷனும் இருந்தார்கள். மனைவி போனபிறகு எனக்கு மகள் மட்டும்தான். அவளுக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை. சாத்திரியாரிடம் குறிப்பைக் காட்டினேன். நாகதோஷம் என்றார். வீட்டில் இருக்கிற பாம்புக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது, வந்தால் பிள்ளைப் பாக்கியம் இல்லை என்று சொல்லிவிட்டார். மருமகனிடம் சொன்னபோது சிரித்தான். அங்கிள், அது சும்மா வீட்டில வளர்க்கிற ஒரு பெற் என்றான். கலியாணம் முடித்த நாள் முதல் அவன் வாயில் மாமா என்ற சொல் வந்ததில்லை. சந்திக் கடைக்காரனும் அங்கிள், பெண்ணைக் கொடுத்த நானும் அங்கிள்.

ஆகவே பாம்பை நான் பார்க்கத் தொடங்கினேன். பல்புக்குப் பிறகு அவன் வாங்கிவந்தது ஒரு சூட்டு விரிப்பு. சூட்டைக் கட்டுப்படுத்த அதில் ஒன்றுமே இல்லை. பாம்பின் வயிறு வெந்து கொப்பளித்தது. மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது நான். மருமகத் துரையோ ஷிப்ட் முடிந்து படுத்திருந்தார். பிறகு கடை கடையாக விசாரித்து, நல்ல சூட்டுத் தட்டு ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள்ளே மேல்பக்கம் பொருத்தினேன். அதோடு ஒரு தெர்மோஸ்டாட். அதன் வயர் நுனி பெட்டிக்குள் இருந்து சூட்டை அளக்கும். போதுமென்றால் நிறுத்தும், குளிர்ந்தால் திரும்பப் போடும். நம்பக்கூடிய முறை அதுதான். பாம்பு தேறிவிட்டது. தைமாதம் மகளுக்கும் வயிற்றில் தங்கியது.

அதற்குப் பிறகுதான் அவன் கிளாஸ்கோ கதையை எடுத்தான். ஸ்கொட்லாந்துப் பக்கம், அங்கே வேலை கிடைத்துவிட்டதாம், பிள்ளை அங்கேதான் பிறக்குமாம். சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னான். அப்போது நான் எங்கே இருப்பது என்று கேட்டேன்.

"நீங்கள் இஞ்சையே இருங்கோ அங்கிள். அவளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேணும்."

மகள் தலை குனிந்துகொண்டிருந்தாள். என் பிள்ளை என்னைப் பார்க்காமல் குனிந்த முதல் நாள் அது. எனக்கு உச்சந்தலைவரை ஆத்திரம். ஆனால் நான் சத்தம் போடவில்லை, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மகள் வேலைக்குப் போய்விட்டாள். அவன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, காதில் பஞ்சை அடைத்து, தடித்த திரையை இழுத்துவிட்டுப் படுத்தான். பாம்புப் பெட்டியும் அந்த அறையில்தான். நான் உள்ளே போய் முதலில் பாம்பை எடுத்தேன். தலையணை உறைக்குள் விட்டுக் கட்டி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி, இரண்டையும் ஒரு பைக்குள் வைத்தேன். அதன் பிறகு தெர்மோஸ்டாட் வயரின் நுனியைப் பெட்டிக்கு வெளியே எடுத்து, காற்று வருகிற சன்னல் ஓரம் விட்டேன். பெட்டி எவ்வளவு கொதித்தாலும் அதற்குக் குளிர்தான் தெரியும், தட்டை நிறுத்தாது. பெட்டி பலகையால் செய்தது. அதன் மேல் அவனுடைய உடுப்புகள் குவிந்து கிடந்தன. மடித்து வை, மடித்து வை என்று மகள் சொல்லாத நாள் இல்லை. புகை மணியில் பற்றரி இல்லை. மீன் பொரிக்கிற நேரமெல்லாம் கத்துகிறது என்று எப்போதோ கழற்றியது. நான் திரும்பப் போடவில்லை, அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்தினேன்.

பையோடு கோயிலுக்குப் போனேன். ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, மகளுடைய வயிற்றுப் பிள்ளைக்காகக் கும்பிட்டேன். போன் அடித்தபோது தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை நான் எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் தீயணைப்புக்காரர்கள் பாம்புப் பெட்டி ஹீற்றர் பழுதாகித் தீப்பிடித்தது என்றுதான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மருமகனை மூடிக் கொண்டுபோய்விட்டார்கள். நான் மகளின் தோளைப் பிடித்தேன். அப்போது பை அசைந்தது. அவள் அதைத் திறந்து பார்த்தாள்.

"பாம்பைத் தூக்கின கையால அவரை ஒருக்காத் தட்டி எழுப்ப ஏலாமப் போச்சோ, அப்பா?"

"பாம்புக்கு ஏதும் நடந்தா உன்ர பிள்ளைக்குக் கூடாதம்மா" என்றேன். அவளுடைய நன்மைக்குத்தான் சொன்னேன். அவள் பையைப் பிடுங்கிக்கொண்டுபோய் உங்கள் பொலிஸ் ஆட்களிடம் கொடுத்தாள்.

ஓம், நான்தான் செய்தேன். நல்ல நித்திரையில் இருந்தவன், அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மகள் இப்போது கோபத்தில் இருக்கிறாள். பிள்ளை பிறந்ததும் என்னிடம்தானே தூக்கிக்கொண்டு வரவேண்டும், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அது கிடக்கட்டும். பாம்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இந்தக் கட்டடம் நல்லாய்க் குளிர்கிறது. அவசரத்துக்கு என்று எதையாவது வாங்கி மாட்டிவிடாதீர்கள், வெந்துபோகும். பாவம், அதுவும் ஓர் உயிர்தானே.